ஆர்டிமிசியா தேநீர் போதுமா?

தம்பி, குவா மூசாங் காட்டு வேலையிலிருந்து செந்தூல் வீட்டுக்கு வந்த அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல், ஆன்லைனில் வாங்கிய ஆர்டிமிசியா இலையைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். செடியில் மலேரியாவுக்கான மருந்து இருப்பது உண்மைதான். ஆனால் ஆர்டிமிசினின் என்ற அந்த மருந்து தண்ணீரில் சரியாகக் கரையாது. 1971இல் சீன விஞ்ஞானி தூ யூயூ கொதிக்கவைப்பதை விட்டுவிட்டு, குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானால் மருந்தைப் பிரித்த பிறகுதான் பலன் தெரிந்தது. (2015இல் நோபல் பரிசும் வந்தது.)

இங்கே மலேசியாவில் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று பெருகும். நாள் கடத்தாதீர்கள். இன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். காட்டில் வேலை என்று முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் டிங்கி என்று நினைக்கக்கூடும். மலேரியா உறுதியானால் பெரும்பாலும் கொடுக்கப்போவதும் அந்தச் செடியின் வழிவந்த மாத்திரைதான், சரியான அளவில். அப்புறம், ஏற்கெனவே தேநீர் குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.