ஒரே ராத்திரியில் சாயவில்லை

கேள்வி: ரஷ்யப் புரட்சியில் அரண்மனையை இழந்து தெருவுக்கு வந்த பிரபுக் குடும்பங்களைப் பற்றிப் படித்தேன். ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விட்டதே என்று மனசு கனத்தது. ‘சுரண்டித் தின்றவர்களுக்காக ஏன் அழுகிறாய்?’ என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: முதலில் அந்த ‘ஒரே ராத்திரி’யை விட்டுவிடுங்கள். ஷெரமெத்தியெவ் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவின் பெரும் பணக்காரர்கள், 1800 வாக்கில் சுமார் இரண்டு லட்சம் பண்ணையடிமைகள் அவர்களுக்குச் சொந்தம். மாஸ்கோவில் இன்றும் நிற்கிற ஒஸ்தான்கினோ அரண்மனையில் மரத்தை இழைத்ததும் அந்த அடிமைகள்தான், அதன் நாடக மேடையில் பாடியதும் அவர்கள்தான். அவ்வளவு இருந்தும் கடன். இவர்களுக்கு மட்டுமல்ல, 1861-ல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்தபோது, பிரபுக்களின் அடிமைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தார்கள். ஆமாம், மனிதர்களைத் தலை எண்ணி அடகு வைத்துத்தான் கடன் வாங்கியிருந்தார்கள்! அரசு கொடுத்த நஷ்டஈட்டில் கணிசமான பகுதி அந்தப் பாக்கிக்கே போனது. கூலி கொடுத்து விவசாயம் பார்க்கப் பலருக்கும் தெரியவில்லை, அதனால் நிலத்தை விற்று விற்றுச் சாப்பிட்டார்கள். விடுதலையான விவசாயியோ தலைமுறை தலைமுறையாகத் தான் உழுத மண்ணுக்கே வருஷா வருஷம் தவணை கட்டிக்கொண்டிருந்தான், அந்தக் கோபத்தில்தான் 1905-06-ல் ஏறத்தாழ 3,000 பண்ணை மாளிகைகள் நாசமாயின. 1917-ல் பிரபுக்களின் நிலத்தை ஈடில்லாமல் பறிக்கும் நில ஆணையில் லெனின் கையெழுத்துப் போட்டது கடைசித் தள்ளு, அவ்வளவுதான்.

சரி, இனி உங்கள் நண்பருக்கு. அரண்மனை போனதற்காக நானும் வருந்த மாட்டேன். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் அவர் பார்க்க வேண்டும். ‘முன்னாள் மனிதர்கள்’ என்று அந்தப் பிரபுக்களுக்குப் புதிய ஆட்சியாளர்கள் பெயர் வைத்தார்கள். 1918 அரசியல் சட்டத்தைக் காட்டி ஏராளமானோரின் வாக்குரிமையைப் பறித்தார்கள், 1936-ல்தான் அந்தத் தடை நீங்கியது. வாக்கு போனால் ரேஷன் அட்டையும் கிடைக்காது, பிள்ளைக்குக் கல்லூரியில் இடமும் கிடைக்காது. இன்ன வயிற்றில் பிறந்தாய், ஆகவே உன் விதி இதுதான் என்பதுதானே பண்ணையடிமை முறை? அதை ஒழிக்க வந்தவர்களே அதே அளவுகோலைக் கையில் எடுத்தால், அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த பாவெல் ஷெரமெத்தியெவ் நாட்டைவிட்டு ஓடவில்லை. மாஸ்கோவின் நோவொதேவிச்சி மடாலயக் கோபுரம் ஒன்றில் மனைவியோடும் மகனோடும் குடியிருந்தார். ஜெர்மானியர்கள் படையெடுத்து வந்தபோது மகன் வசீலி அந்த நாட்டுக்காகவே போர்முனைக்குப் போனான். அவன் திரும்பி வந்தபோது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் வருந்துவது அந்தப் பையனுக்காக.