இன்டர்நெட் கம்பெனிகளுக்குக் கடிவாளம் தேவையா?

கேள்வி: இன்டர்நெட் கம்பெனிகளுக்கு அரசாங்கம் எதற்கு விதி போட வேண்டும்? பிடிக்காவிட்டால் வேறு சிம்முக்கு மாறிக்கொள்ளலாமே? விதி கூடக்கூட ரீசார்ஜ் விலைதானே ஏறும்?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 2015-ல் நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். அந்த டிசம்பரில் ஃபேஸ்புக்கைத் திறந்தால் ஃபேஸ்புக் ஒரு சிம் கம்பெனியோடு சேர்ந்து கொண்டுவந்த 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்கு ஆதரவு கேட்டு ஓர் அறிவிப்பு வரும். தட்டினால், அவர்களே எழுதி வைத்த மெயில் உங்கள் பெயரில், தொலைபேசி, இன்டர்நெட் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான டிராய்க்குப் போகும். கடைக்கு வந்த ஒரு பையனிடம் எதற்குத் தட்டினாய் என்று கேட்டேன். "ஃப்ரீ நெட்டுக்குண்ணே" என்றான். ஃபேஸ்புக்கும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த தளங்களும் மட்டும்தான் ஃப்ரீ, யூடியூப் பார்க்கக் காசு என்பது அவனுக்குத் தெரியாது.

ஏழைக்கு அதுவாவது கிடைக்கட்டுமே என்று அப்போது பலர் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ரோடு போட்டவர், தன் கூட்டாளி கடைக்குப் போகிறவர்களிடம் மட்டும் சுங்கம் வாங்கமாட்டேன் என்றால், அதே ரோட்டில் நாளைக்குப் புதிதாகக் கடை போடுகிறவர் எப்படிப் பிழைப்பார்?

2016 பிப்ரவரி 8-ல் டிராய் விதி போட்டது. பார்க்கும் தளத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு விலையை மாற்றக் கூடாது. மீறினால் ஒரு நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். மூன்றே நாளில் ஃபேஸ்புக் இந்தியாவில் அந்தத் திட்டத்தை நிறுத்தியது.

விலைக்கு வருவோம். விதி வந்த அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா விலை மளமளவென்று சரிந்தது. அப்புறம் 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்த நாளில் கட்டணத்தை உயர்த்தின. மொபைல் டேட்டாவின் விலையை டிராய் நிர்ணயிப்பதில்லை, அது கம்பெனிகள் கையில்தான் இருக்கிறது. சிம் மாற்றலாம்தான். இந்த மூன்றை விட்டால் பி.எஸ்.என்.எல்., வேறு எங்கே போவீர்கள்?

கேள்வி: அப்படியானால் சாவியை அரசாங்கத்திடம் கொடுத்துவிடலாமா?
- அதே வாசகர்

பதில்: கூடாது. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் அரசு இன்டர்நெட்டை முடக்கியது. பொறியியல் கலந்தாய்வு முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறிய வருடம் அது. விண்ணப்பம் போட ஓர் அம்மா, மகளின் சான்றிதழ்களை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு இரண்டு நாள் என் கடைக்கு வந்தார். "இன்னிக்காவது வருமா தம்பி?" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எதுவரை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

காஷ்மீரில் இன்டர்நெட்டை முடக்கியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி முடக்கக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. கம்பெனிக்குப் போட்ட விதியைப் போலவே இந்த விதியையும் நான் கேட்பேன். முடக்குவதாக இருந்தால், எதற்கு, எத்தனை நாள் என்று எழுதி என் கடை வாசலில் ஒட்டட்டும்.