வீட்டிலிருந்து வார்டுக்கு: இளம் தன்னார்வலர்கள் பற்றிய கேள்வி பதில்

செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான், நோயாளிகளை வீடு தேடிச் சென்று கவனிக்கும் வலி தணிப்புக் குழு ஒன்றில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): சிஸ்டர், மூன்று மாதங்களுக்கு முன் என் பாட்டி புற்றுநோயால் காலமானார். கடைசி வரை நான்தான் உடனிருந்து கவனித்தேன். உடனே புற்றுநோய் வார்டில் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். சேரலாமா?

பதில்: தொண்டில் சேருங்கள் அம்மா, ஆனால் புற்றுநோய் வார்டு இப்போது வேண்டாம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்த கை, அதே வயதுள்ள இன்னொருவரைத் தொட்டதும் பாட்டியைத்தான் தேடும். தாத்தாவை இழந்த சில வாரங்களிலேயே எங்களிடம் வந்த மாணவர் ஒருவர், முதல் நாளே ஒரு பெரியவரின் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றுவிட்டார், நோயில் கிடந்த அந்தப் பெரியவர்தான், "உட்காருப்பா, நீ சாப்பிட்டியா?" என்று அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. அந்தச் சுமையை நோயாளியின் தலையில் வைக்கக் கூடாது என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

காத்திருப்பதால் உந்துதல் வற்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தது 1923இல். அவருடைய முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது 1954இல். அந்தப் பணியில் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் தோள் கொடுத்தார். நான் உங்களிடம் கேட்பது ஆறு மாதம்தான். அதுவரை புறநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதவும், முதியவர்களுக்கு வழிகாட்டவும் உதவுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): நானும் செவிலியர்தான். என் மகனுக்குப் பதினாறு வயது. சேவையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. என்ன செய்வது?

பதில்: சொல்வதை நிறுத்திப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ரத்த தானம் செய்யப் போகும்போதெல்லாம் தம் சிறு மகளையும் அழைத்துச் செல்வார். அறிவுரை ஒன்றும் சொன்னதில்லை. அவர் ரத்தம் கொடுத்துவிட்டுக் கையை மடக்கியபடி வந்து உட்காருவார்; அங்கே தரும் பிஸ்கட்டில் பாதி அந்தப் பெண்ணுக்கு. பதினெட்டு வயது நிறைந்த வாரத்தில் அவளே ரத்தம் கொடுக்கப் போய் நின்றாள். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவாக இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்! முருங்கைக்கீரையும் மாத்திரையுமாகச் சில மாதங்கள் தேறி, மறுபடியும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பிஸ்கட்டில் பாதியை அப்பாவுக்குக் கொண்டுவந்தாளாம்.

கேள்வி (ஒரு தந்தை): தன்னார்வலர் சான்றிதழ் இருந்தால் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் உதவுமா?

பதில்: உதவாது. நீட் தரவரிசையில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

கேள்வி (பிளஸ் டூ மாணவர்): எங்கள் வீட்டில் எல்லோரும் மருத்துவத் துறையில் இருக்கிறார்கள். அதனாலேயே எனக்கு அதில் வெறுப்பாக இருக்கிறது. இது தவறா?

பதில்: தவறில்லை தம்பி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவரும் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவருமான ஐடா ஸ்கடரும் மருத்துவ மிஷனரிக் குடும்பத்துப் பெண்தான். அந்த வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்று உறுதியாக இருந்தவர். நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் பெண்களுக்கு உதவுமாறு அவரை அழைத்தனர். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துச் செல்லும்படி அவர் மன்றாடியும், ஆண் மருத்துவர் கூடாதென்று மறுத்துவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அதன் பிறகே அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். குடும்பத்தார் சொல்லி அவர் மனம் மாறவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் பிறந்திராவிட்டால் அந்த இரவில் அந்த வாசலில் அவர் நின்றிருக்கவும் மாட்டார். உங்களுக்கு அப்படி ஓர் இரவு வந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வராவிட்டால் வேறு படிப்பு படியுங்கள்.

கேள்வி (இளம் பெண்): எனக்குத் தன்னார்வலராக விருப்பம். நோய் தொற்றிக்கொள்ளும் என்று அப்பா தடுக்கிறார்.

பதில்: அவருடைய அச்சத்தில் நியாயம் இருப்பதால் வாதாடாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றுக்கான தடுப்பூசியை, முதல் ஊசி, அதிலிருந்து ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று தவணையும் முடித்துக்கொள்ளுங்கள். ஊசியும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் உங்கள் வேலையல்ல என்பதையும் அவரிடம் விளக்குங்கள். பேச்சுத் துணையாக இருப்பது, செய்தித்தாள் படித்துக் காட்டுவது, மாத்திரை வாங்கி வருவது, இவைதான் தொடக்கத்தில் உங்கள் பொறுப்பு. பயிற்சியின் முதல் நாள் அப்பாவையும் அழைத்து வாருங்கள். அப்படி மகளுக்குத் துணையாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தந்தை ஒருவர்தான் இப்போது எங்கள் குழுவின் வண்டியை ஞாயிறுதோறும் ஓட்டுகிறார். மகள் திருமணமாகி வெளியூர் போய்விட்டாள்.