நாலு நாளில் அடங்கும் படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. ஏழெட்டு மாதமாகத் தொடை இடுக்கில் வட்ட வட்டமாகத் தடித்து அரிக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த ட்யூபைத் தடவினால் நாலே நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் ஒரே வாரத்தில் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. இப்போது இடுப்பு வரை ஏறிவிட்டது, மனைவிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆறு வயது மகனுக்குத் தலையில் ஓரிடத்தில் முடி கொட்டியிருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? ரத்தம் கெட்டுவிட்டது என்கிறார்கள். முழு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

பதில்: ரத்தத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் படர்தாமரை, அதுவும் ஸ்டீராய்டு தடவி வளர்த்த படர்தாமரை. நேரில் பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்றால், நாலு நாளில் அடங்கி ஒரு வாரத்தில் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். பூஞ்சையைக் கொல்கிற மருந்து எதுவும் இவ்வளவு சீக்கிரம் அரிப்பை முழுசாக அடக்குவதில்லை. ஸ்டீராய்டுதான் அப்படி அடக்கும்.

படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு எல்லாம் அதை எதிர்த்து உடம்பு காட்டுகிற எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சையைத் தொடுவதில்லை. திருடன் வந்ததும் குரைக்கிற நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தது போலத்தான். சத்தம் நின்றுவிடும், திருடன் நிதானமாக அடுத்த அறைக்குப் போவான். உங்களுக்கு இடுப்பு வரை போயிருக்கிறான்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஸ்டீராய்டு பட்டு உருமாறி, வட்டமும் செதிலும் மங்கி, பார்த்தால் அடையாளமே தெரியாத படர்தாமரையைப் பற்றி ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1968-லேயே எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதே கலவைக் களிம்பு இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்புக்கு ஸ்டீராய்டு என்று மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்துவிட்டால், என்ன நோய் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. கடைக்காரர் கேள்வி கேட்கத் தேவையில்லை, இரண்டு நிமிடத்தில் ஆளை அனுப்புகிற மருத்துவருக்கும் வசதி. வாங்குகிறவருக்கும் நாலு நாள் நிம்மதி. எல்லோருக்கும் பிடித்த மருந்து, நோயை மட்டும் குணமாக்காது.

ட்யூபைக் கையில் எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், லூலிகோனசோல், டெர்பினாஃபின் என்பவை பூஞ்சை மருந்துகள். க்ளோபெட்டசாலும் க்ளோட்ரிமசோலும் கேட்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட பெயரை நம்பவே நம்பாதீர்கள். பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் மருந்தே வேறாகிவிடும்.

ஸ்டீராய்டு இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தொடை இடுக்கில் தோல் மென்மையானது, மடிப்பில் மூடியே இருப்பதால் மருந்து மற்ற இடங்களைவிட அதிகமாக உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். மங்குமே தவிர, அந்த வரிகள் மறையாது. நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் கொஞ்சம் ஆடும். அப்போது 'பழைய மருந்துதான் எனக்குச் சேரும்' என்று திரும்ப ஓடிவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். அரிப்புக்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இனிப் பரிசோதனை. உங்களுக்கு வேண்டியது செதிலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை. வட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். சில நிமிட வேலை. முந்தைய சில நாட்கள் எந்தக் களிம்பும் தடவாமல் போனால் முடிவு தெளிவாக வரும். இவ்வளவு எளிய பரிசோதனையை எழுதித் தர ஆளில்லை, ஆனால் அலர்ஜி பேக்கேஜ், முழு உடல் பேக்கேஜ் என்று நீளப் பட்டியல் நீட்ட மட்டும் ஆள் இருக்கிறது. ரத்தத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது சர்க்கரை அளவு, அப்புறம் மாத்திரை தொடங்கினால் கல்லீரல் பரிசோதனை. ரத்தச் சுத்தி டானிக்குகளைப் பற்றிப் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

சிகிச்சை உங்கள் நிலையில் களிம்போடு முடியாது. பரந்துவிட்டதாலும், ஸ்டீராய்டு பட்டதாலும் மாத்திரை வேண்டியிருக்கும். டெர்பினாஃபின் 250 மில்லிகிராம் இரண்டு முதல் நாலு வாரம் என்பது பழைய கணக்கு. அந்த மருந்துக்கு அடங்காத பூஞ்சைகள் இப்போது பரவியிருப்பதால் பலருக்கு இட்ராகோனசோல் தருகிறோம், வாரக்கணக்கும் நீள்கிறது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால், முக்கியமாகக் கொலஸ்ட்ராலுக்கோ இதயத்துக்கோ, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது கீட்டோகோனசோல் மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். கல்லீரலைக் கெடுக்கிறது என்று 2013-லேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்குக் கடிவாளம் போட்டாயிற்று. களிம்பை வட்டத்தின் ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும். தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.

அடுத்து மகன் விஷயம். மேலே களிம்பைப் பற்றிச் சொன்ன எதுவும் அவன் தலைக்குப் பொருந்தாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தலையில் பூஞ்சை முடிக்குள்ளும் முடியின் வேருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு உயர்ந்த களிம்பைத் தடவினாலும் அங்கே எட்டாது. குழந்தையாக இருந்தாலும் வாய்வழி மருந்துதான், கிரிசியோஃபுல்வினோ டெர்பினாஃபினோ, எடையைப் பார்த்து அளவு, வாரக்கணக்கில். கீட்டோகோனசோல் ஷாம்பு பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பரவாமல் தடுக்க உதவும், தனியாகக் குணமாக்காது. (நான் வேண்டாம் என்றது மாத்திரையைத்தான், ஷாம்பு தலையோடு நின்றுவிடும்.)

இதில் பெரிய ஆபத்து, அதைப் புழுவெட்டு என்று நினைத்துவிடுவது. புழுவெட்டில் தோல் வழவழவென்று இருக்கும், செதில் இருக்காது. பூஞ்சை என்றால் செதில் உதிரும், முடி பாதியில் ஒடிந்து கரும்புள்ளி மாதிரி நிற்கும், கழுத்துப் பக்கம் நெறி கட்டியிருக்கலாம். புழுவெட்டுக்கு ஸ்டீராய்டு தருவார்கள். அதையே பூஞ்சைக்குத் தடவினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில குழந்தைகளுக்கு அந்த இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் வைத்த கட்டி மாதிரி ஆகும். அதைக் கட்டி என்று நினைத்துக் கீறிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். கீறினால் குணமாகாது, தழும்புதான் மிஞ்சும், அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். பரிசோதனைக்கு ஒடிந்த முடியையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் அதற்கும் சொட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மனைவிக்கும் உங்களோடு சேர்த்தே சிகிச்சை தொடங்க வேண்டும். ஒருவர் குணமாகி மற்றவர் அப்படியே இருந்தால் நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றும். அவர் கர்ப்பமாக இருந்தாலோ தாய்ப்பால் கொடுத்தாலோ மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லட்டும். துண்டு, உள்ளாடை, சீப்பு ஆளுக்கு ஒன்று. துணியைச் சுடுநீரில் துவைத்து முழுசாகக் காயவைத்து உடுத்துங்கள். ஈர உடையோடு இருக்க வேண்டாம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கும்: மூலிகைக் களிம்பு வாங்கலாமா? உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள். மூலிகை என்று விற்றவற்றைச் சோதித்தபோது க்ளோபெட்டசால் கலந்திருந்தது பலமுறை வெளிவந்திருக்கிறது. அதுவும் நாலு நாளில் அடக்கும்.

உங்கள் வட்டங்களில் எதுவாவது அரிக்காமல் மரத்துப்போயிருந்தால் இந்தப் பதிலை விட்டுவிட்டு உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காய்ச்சலோடு அந்த இடம் சுட்டு, வீங்கி, வலித்தால் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அதை அன்றைக்கே காட்டிவிடுங்கள்.