அஞ்சடியில் உட்கார வைத்த பாட்டி

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. மகனுக்கு ஆறு வயது. எட்டு மாதமாக ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலியைக் கூட்டி ஆங்கிலம் வாசிக்கும் முறை) வகுப்புக்கு அனுப்புகிறேன், மாதம் 120 ரிங்கிட். எழுத்தைக் காட்டினால் ஒலியைச் சரியாகச் சொல்கிறான், சேர்த்து வாசிக்கத்தான் வரவில்லை. வீட்டில் நானும் "க... ஏ... ட" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அவன் "கஏட" என்கிறானே தவிர, 'கேட்' (cat) என்று வருவதில்லை. மாமியார் முப்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர், எழுதப் படிக்கத் தெரியாது. 'கேட்டு', 'புக்கு' என்றுதான் பேசுவார். பையனுக்கும் அது ஒட்டிக்கொள்ளும் என்று பாட நேரத்தில் அவரை அஞ்சடியில் (வீட்டு வாசல் தாழ்வாரத்தில்) உட்காரச் சொல்லிவிடுவேன். அடுத்த வருடம் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. வேறு சென்டருக்கு மாற்றலாமா? குழப்பம் வராமல் இருக்க, தமிழைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா?

பதில்: சகோதரி, சென்டரைப் பற்றி அப்புறம் பேசுவோம். பேரன் படிப்பதற்காக ஒரு பாட்டி வெளியே போய் உட்கார வேண்டியிருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடி, பால் வாளி தூக்கி, உங்கள் கணவரை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவரை வெளியே அனுப்பியதை உச்சரிப்புக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பெரியவர்களை மதிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதுவே போதுமான காரணம்தான். ஆனால் உங்கள் மகன் வாசிக்கத் திணறுவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

முதலில் உச்சரிப்பையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல் எதுவும் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடியாது. கடைசியில் ஒரு சின்ன உகரம் வந்து தாங்கும். நாக்கு, பாட்டு, காது எல்லாம் அப்படித்தான். உங்கள் மாமியார் 'புக்கு' என்று சொல்வது அந்த இலக்கணப்படிதான். பள்ளிக்கூடம் போகாமலே அவர் காது அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

இனி உங்கள் பாடத்துக்கு வாருங்கள். "க... ஏ... ட" என்கிறீர்கள். அந்த முதல் ஒலி 'க்', கடைசி ஒலி 'ட்'. இரண்டின் பின்னாலும் ஓர் அகரத்தை ஒட்டிவிட்டது நீங்கள், பாட்டி இல்லை. நீங்கள் கொடுத்ததைப் பையன் ஒழுங்காகச் சேர்க்கிறான், "கஏட" வருகிறது. வேறு எப்படி வரும்?

முதலாம் ஆண்டு வகுப்பில் வருடக்கணக்காக நின்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். க், ட், ப் போன்றவை வாயில் வெடித்து உடனே முடிந்துபோகும் ஒலிகள். அவற்றை இழுக்க முடியாது. இழுக்கப் பார்த்தால் பின்னால் அகர வால் முளைத்துவிடும். ம், ஸ், ஃப், ன் அப்படி இல்லை, மூச்சு இருக்கும் வரை இழுக்கலாம். அதனால் 'கேட்' முதல் சொல்லாக வேண்டாம். 'சன்', 'மேன்', 'ஃபேன்' என்று தொடங்குங்கள். நடுவில் நிறுத்தாமல் "ம்ம்ம்ஏஏன்ன்" என்று ஒரே மூச்சில் இழுத்து, அடுத்த தடவை வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். அது வந்த பிறகு 'கேட்' பக்கம் போகலாம்.

சரி, இது நுட்பம். உண்மையான குறை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஒலிகளைக் கூட்டிப் பார்க்கும் குழந்தை, தன் காதுக்கு ஏற்கெனவே பழகிய ஒரு சொல்லைத் தேடித்தான் போகிறது. அரைகுறையாகக் கூட்டினாலும், தெரிந்த சொல் என்றால் "ஆ, இதுவா!" என்று பிடித்துக்கொள்ளும். 'ம, ர, ம்' என்று கூட்டும் பிள்ளைக்குக் கடைசியில் வாசலில் நிற்கும் ரம்புத்தான் மரம் கிடைக்கிறது. கேட்டறியாத சொல்லைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? வெறும் சத்தம். உங்கள் மகன் காதில் நிறைய சொற்களைப் போட்டது யார்? சாப்பாடு ஊட்டும்போதும் தூங்க வைக்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தவர் இப்போது அஞ்சடியில் இருக்கிறார்.

தமிழை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே கூடாது. கல், தங்கம், மகன் மூன்றிலும் ஒரே 'க'தான். மூன்று இடத்தில் மூன்று விதமாக ஒலிக்கிறது, எழுத்து அதைக் காட்டாது. அந்தச் சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு யாரும் விதி சொல்ல வேண்டாம், வாய் தானாகச் சரியாகப் போகும். கேட்காத பிள்ளை 247 எழுத்தையும் ஒப்பித்துவிட்டு, ஒரு வரி வாசிக்கத் தடுமாறும். மலாயிலும் இது உண்டு. காலால் பந்தை உதைத்து ஆடும் 'சேப்பாக் தக்ரோ'வில் 'சேப்பாக்' என்றால் உதைப்பது. அதே எழுத்துகளை, முதல் உயிரை மட்டும் மாற்றி உச்சரித்தால், கன்னத்தில் அறைவது என்று ஆகிவிடும். எது எது என்று காதுதான் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் பிந்திப் போகும் என்ற பயம் வேண்டாம். 2011ல் புதிய பாடத்திட்டம் வந்தபோதே முதலாம் ஆண்டு ஆங்கிலத்தில் இந்த ஃபோனிக்ஸ் ஒலிமுறை சேர்ந்துவிட்டது. பள்ளியில் சொல்லித்தருவார்கள். இந்தச் சென்டரே போதும், மாற்ற வேண்டாம். அங்கேயும் மெய்யெழுத்துக்கு வால் ஒட்டிச் சொல்கிறார்களா என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். ஒட்டினால் நிறுத்திவிட்டு அந்த 120 ரிங்கிட்டுக்குத் தமிழ்க் கதைப் புத்தகங்கள் வாங்குங்கள். பையனின் காதையும் கண்ணையும் கிளினிக்கில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எந்த அறிகுறியும் தெரியவில்லை, ஆனாலும் பார்ப்பது நல்லது.

தினமும் கால் மணி நேரம், பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்காரட்டும். புத்தகமே வேண்டாம். பாட்டி 'மாடு' என்றால், அதே ஒலியில் தொடங்கும் இன்னொரு சொல்லைப் பையன் சொல்ல வேண்டும், மாங்காய், மாமா, எதுவானாலும் சரி. பிறகு கடைசி ஒலி. 'கடலோரம் உரல் உருளுது' மாதிரி நாக்கைச் சுழற்றும் வாக்கியங்கள், விடுகதைகள் எல்லாம் அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். சொற்களை ஒலி ஒலியாகப் பிரித்துக் கேட்கும் காது இப்படித்தான் உருவாகும். அந்தக் காது இல்லாமல் எந்த ஃபோனிக்ஸும் பலிக்காது.

அதன் பிறகு புத்தகத்தை எடுங்கள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று குறையாக எழுதினீர்கள். உங்கள் மகன் வாசித்துக் காட்ட இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. அவன் வாசித்தால்தான் அந்தக் கதை அவருக்குத் தெரியும். முப்பது வருடம் பால்மரம் சீவியவருக்கு இத்தனை நாளாக யாரும் எதையும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். இன்று சாயங்காலமே அஞ்சடிக்குப் போய் அவர் நாற்காலியை நீங்களே உள்ளே தூக்கி வாருங்கள். "அத்தை, உள்ள வாங்க, பையன் உங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்டணுமாம்" என்று கூப்பிடுங்கள்.