சிரி காத்திருப்பாளா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ வீடியோ விளையாட்டின் தொடக்கக் காட்சியிலேயே அழுதுவிட்டேன். ‘தி விட்சர் 3’-ஐ நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடினேன்; ஆனால் சிரியைத் தேட வேண்டும் என்பதையே பாதியில் மறந்து, ஊர் ஊராக க்வென்ட் சீட்டாடிக்கொண்டிருந்தேன். இப்படி இஷ்டம்போல் எங்கும் சுற்றவிடும் திறந்த உலக விளையாட்டுகளுக்குக் கதை சொல்லவே வராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் மறந்ததில் உங்கள் பிழை ஏதுமில்லை. சிரியை ‘வைல்ட் ஹன்ட்’ படை துரத்துகிறது. வளர்த்த மகளான அவளைத் தேடி, நாம் இயக்கும் நாயகன் கெரால்ட் அலைகிறார். ஆனால் இன்று போனாலும் ஆறு மாதம் கழித்துப் போனாலும் அவள் அதே இடத்தில்தான் கிடைப்பாள். இது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு பதற்றம் எங்கிருந்து வரும்?

ஒரே பாதையில் நம்மை நடத்திச் செல்லும் நேர்கோட்டு விளையாட்டில் காலம் கதைசொல்லியின் கையில் இருக்கிறது. ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ முதலில் நம்மைச் சாராவாக, இருண்ட வீட்டுக்குள் அப்பாவைத் தேடி நடக்க விடுகிறது. சற்று நேரத்தில், காலில் அடிபட்ட அவளைச் சுமந்துகொண்டு அப்பா ஜோயலாக ஓட வைக்கிறது. சண்டையிட முடியாது, திரும்பிப் போகவும் வழியில்லை. நமக்கு மறுக்கப்படும் ஒவ்வொன்றும் அந்தத் தகப்பனின் தவிப்பாகிறது.

விட்சரிலேயே பாருங்கள். ‘பிளடி பாரன்’ என்ற பிரபுவின் கதையில், உரிய சடங்கின்றிப் புதைக்கப்பட்டதால் பேயுருக்கொண்ட தன் சிசுவை அவன் கையில் ஏந்தி, வாசற்படியின் கீழ் அடக்கம் செய்யக் கொண்டுபோகிறான். புயல் வீசும் இரவு. கெரால்ட் கூடவே நடக்கிறார். அந்தச் சில நிமிடங்களுக்கு அவ்வளவு பெரிய வரைபடமும் ஒற்றைப் பாதையாகச் சுருங்கிவிடுகிறது. அந்த விளையாட்டில் என்னை மிகவும் உலுக்கிய காட்சி அதுதான்.

ஆனாலும் ‘வராது’ என்று நான் சொல்ல மாட்டேன். 1997இல் வந்த ‘ஃபால்அவுட்’, நிலவறை மக்களுக்குத் தண்ணீர் தரும் சிப்பைக் கண்டுபிடிக்க 150 நாள் கெடு வைத்தது. எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். ஒவ்வொரு நாளும் கணக்கில் கழியும். அந்தக் கெடு பிடிக்காதவர்கள் உண்டு. எனக்கோ, பின்னால் வந்த பல விளையாட்டுகள் இதைக் கைவிட்டது பெரிய இழப்பாகவே படுகிறது.

எனக்கு மிகப் பிடித்த வழி வேறு: கதையின் பெரும்பகுதியை நாம் வருவதற்கு முன்பே நடத்தி முடித்துவிடுவது. ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ (2017) தொடங்கும்போது பேரழிவு நிகழ்ந்து நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நாயகன் லிங்க் இழந்த நினைவுகள் நிலமெங்கும் சிதறிக் கிடக்கின்றன. எந்த வரிசையில் கண்டெடுத்தாலும் துயரம் குலைவதில்லை. நினைவு வருவதே அப்படித்தானே. விண்கலத்தில் கோள் கோளாகச் சுற்றும் ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) இன்னும் துணிச்சலானது. 22 நிமிடங்களில் சூரியன் வெடிக்கிறது, எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. அழிந்துபோன ஓர் இனம் சுவர்களில் எழுதிவைத்த உரையாடல்களைப் படித்து நாம் தெரிந்துகொண்டது மட்டுமே கையில் மிஞ்சும். அங்கே சுற்றித் திரிவதுதான் கதை. க்வென்ட் ஆடப் போய்க் கதையைத் தவறவிட அதில் வழியே இல்லை.

அடுத்து அதை விளையாடுங்கள். எந்தக் கோளுக்கு முதலில் போவது என்று யாரிடமும் கேட்காமல் தொடங்குங்கள்.