மாயாற்றைக் கடக்கும் முன் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் தெங்குமரஹாடா. பஸ்ஸை விட்டு இறங்கி, மாயாற்றைப் பரிசலில் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். பவானிசாகர் அணைக்கு நீர்வரத்து இத்தனை கன அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். சில நாள் துறைக்கு வந்தால் வெள்ளம் போய்க்கொண்டிருக்கிறது. நாங்களே ஆற்றில் அளவு பார்க்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்தப் பேப்பர் எண்ணை ஒதுக்கி வையுங்கள். அணையின் நீர்வரத்து என்பது பவானியும் மாயாறும் சேர்ந்த கணக்கு. பவானி பெருகினாலே எண் எகிறிவிடும். அன்றைக்கு உங்கள் துறையில் தண்ணீர் குறைவாகவே ஓடலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தவிர, காலையில் எடுத்த கணக்கை வைத்துச் சாயங்காலத்து ஆற்றைச் சொல்ல முடியாது.

மாயாற்றில் இது இன்னும் சிக்கல். உங்கள் ஊர் மழை மறைவுப் பகுதி. ஆடியில் அங்கே வெயில் அடிக்கும், மேலே நீலகிரி மலையில் முக்குருத்தி, பைக்காரா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். பைக்காரா தண்ணீர் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்கி, மரவகண்டி அணைக்குப் போய், மாயாறு மின்நிலையம் வழியாக ஆற்றில் சேர்கிறது. மின் உற்பத்தி கூடினாலோ மேலே அணை திறந்தாலோ, ஒரு துளி மழை இல்லாமலேயே துறையில் மட்டம் ஏறும். வானத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

பரிசல் விடுகிறவருக்குக் கன அடியை விட மட்டமும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும்தான் முக்கியம். அதனால் அளவுகோலில் இருந்து தொடங்குங்கள். ஆறு நேராக ஓடும் இடத்தில், சுழல் இல்லாத கரையோரப் பாறையில் எனாமல் பெயிண்டால் கோடு போட்டாலே போதும். கோடையில் தண்ணீர் எவ்வளவு வற்றுமோ அதற்கும் கீழே பூஜ்ஜியம் இருக்கட்டும். கரைக்கு மேலே, வெள்ளம் எட்டாத பாறையில் ஒரு நிலைக்குறி (அழியாத உயர அடையாளம்) வெட்டி, அது பூஜ்ஜியத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்று கொத்தனாரின் டியூப் லெவலால் பார்த்து எழுதி வையுங்கள். பெயிண்ட் அழிந்தாலும் பழைய கணக்கு கெடாது. இந்த ஒரு வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தெங்குமரஹாடாவிலேயே மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அங்கே இருப்பவரிடம் கேட்டு, அவர்கள் மட்டம் எடுக்கும் அதே நேரத்தில் உங்கள் கோலையும் படித்துவிட்டால் இரண்டையும் ஒப்பிட முடியும்.

சரி, கன அடியும் வேண்டுமென்றால்? தண்ணீர் குறைந்த நாளில் கரைக்குக் கரை கயிறு கட்டி, பரிசலில் இருந்தபடி மூங்கில் கழியால் ஆங்காங்கே ஆழம் பாருங்கள். முதலை உள்ள ஆறு, இறங்கி நடக்க வேண்டாம். பிறகு 30 மீட்டர் தூரம் அளந்து, மட்டை உரிக்காத தேங்காயை நடு ஓட்டத்தில் விடுங்கள். அது பாதி மூழ்கிப் போவதால் காற்று அதிகம் தள்ளாது. 40 வினாடி எடுத்தால் வேகம் வினாடிக்கு 0.75 மீட்டர். மேல்மட்டம்தான் வேகமாக ஓடும், ஆகவே 0.85-ஆல் பெருக்க வேண்டும், 0.64 வரும். அகலம் 20 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர் என்றால், வேகத்தோடு மூன்றையும் பெருக்க வினாடிக்கு சுமார் 7.7 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 270 கன அடி. இப்படிப் பல மட்டங்களில் பார்த்து கிராஃப் தாளில் குறித்தால், அப்புறம் மட்டத்தைப் படித்தே ஓட்டத்தைச் சொல்லலாம். மட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் அதற்கும் மேலே போகும் என்பது அந்த வளைகோட்டிலேயே தெரியும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு மணல் இடம் மாறியிருக்கும். மறுபடி அளக்க வேண்டும்.

அன்றாடத்துக்கு இவ்வளவு வேண்டாம். துறையில் ஒருவர் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை கோலைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். இரண்டாவது படத்தில் மட்டம் ஏறியிருந்தாலோ, தண்ணீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் வந்தாலோ பரிசல் ஏறாதீர்கள். எந்தக் கோட்டுக்கு மேல் போனால் துறையை மூடுவது என்பதைப் பரிசல்காரர்களே பேசி, சிவப்பு பெயிண்டால் போடட்டும். பாறையில் எதை எழுதுவதற்கும் முன் வனத்துறையிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அது புலிகள் காப்பகம்.